அரசு மானிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்: தோட்டப்புறச் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஒரு சிறு சங்கத்தில் நான் செயலாளர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசுப் பிரிவிடமிருந்து எங்களுக்கு மானியக் கடிதம் வந்தது. அன்று இரவே தலைவர் செயலவையினர் எல்லோருக்கும் தோசை வாங்கிக் கொடுத்தார். பணம் கைக்கு வந்து சேர அதற்கப்புறம் ஐந்து மாதம் ஆனது. யாரும் வேண்டுமென்று எங்களை இழுத்தடிக்கவில்லை. பாதித் தாமதம் எங்கள் தாள்களில் இருந்த ஓட்டைகளால் வந்தது. மீதிப் பாதி, ஒப்பந்தத்தைச் சரியாக வாசிக்காமல் கையெழுத்துப் போட்டதால் வந்தது.

இப்போது பக்கத்து ஊர்ச் சங்கத்தார் போன் போட்டு, "அண்ணே, எங்களுக்கும் கடிதம் வந்திருக்கு, அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்வதை விட எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. சங்கத்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் பாருங்கள்

சிரிக்காதீர்கள். எங்கள் பதிவுச் சான்றிதழில் ஊர்ப் பெயர் "சுங்கை சிப்புட் உத்தாரா" என்று முழுதாக இருக்கிறது. வங்கிக் கணக்கில் "எஸ்ஜி. சிப்புட்" என்று சுருக்கி, அடைப்புக்குறிக்குள் ஒற்றை "யு" போட்டிருந்தார்கள். ரப்பர் முத்திரையில் "உத்தாரா" என்ற சொல்லே இல்லை. பத்து ஆண்டு இப்படியே ஓடியது, யாரும் கவனிக்கவில்லை. மானியப் பணத்தை அனுப்பும் நேரத்தில்தான், கணக்கின் பெயரும் சங்கத்தின் பெயரும் ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. வங்கியில் பெயரைத் திருத்த மூன்று வாரம் போனது. கையெழுத்து வைத்திருந்த பழைய பொருளாளர் ஜொகூருக்குக் குடிபோய்விட்டதால் இன்னும் ஒரு வாரம்.

ஆகவே சான்றிதழ், வங்கி அறிக்கை, முத்திரை, லெட்டர்ஹெட் நான்கையும் ஒரே மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

அடுத்து, சங்கப் பதிவகத்தின் இரோசஸ் என்ற இணையத் தளத்தில் உங்கள் சங்கத்தின் நிலை என்ன என்று பாருங்கள். 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். பல சங்கங்கள் கூட்டத்தை நடத்திவிடும், சாப்பாடும் போட்டுவிடும், அறிக்கையை மட்டும் மறந்துவிடும். அப்படியானால் தளத்தில் இன்னமும் பழைய தலைவர், பழைய செயலாளர் பெயர்தான் தெரியும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள், பதிவேட்டில் இருப்பது வேறொருவர் என்றால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்று. பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், அதாவது பிஐபிஜி, சங்கப் பதிவகத்தின் கீழ் வருவதில்லை. அது கல்விச் சட்டத்தின் கீழ் வருகிறது. "நம்ம பிஐபிஜி பெயரிலேயே போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால், மானியம் தரும் பிரிவு அதை ஏற்குமா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். சங்கமே இல்லாதவர்கள் புதிதாகப் பதிய குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். ஆனால் கடிதம் வந்த பிறகு சங்கம் தொடங்கிச் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

2. எந்தக் கதவைத் தட்டுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் தொகுதி ஒதுக்கீட்டிலிருந்து வருவது பெரும்பாலும் ஒருமுறை உதவி. நாற்காலி, ஒலிபெருக்கி, பொங்கல் விழா போன்றவற்றுக்குச் சரி. மித்ரா போன்ற பிரிவுகள் இந்தியச் சமூகத்தின் கல்வி, பொருளாதாரத் திட்டங்களுக்குத் தருவது காலவரையறையும் இலக்கும் உள்ள மானியம். சமூக நல இலாகா, அதாவது ஜேகேஎம், நலச் சேவை நடத்தும் அமைப்புகளுக்கு மானியம் தருகிறது. இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றியதல்ல. ஒப்பந்தம் போட்டு, தவணையாகப் பணம் வாங்கி, கணக்குக் காட்ட வேண்டிய வகையைப் பற்றியது.

முதியோரையோ உடற்குறை உள்ளவர்களையோ தங்கவைத்தோ பகலிலோ பராமரிக்கும் திட்டமா? நான்கு பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி தனியாகப் பதிய வேண்டும். தீயணைப்பு, சுகாதாரம், நகராண்மை என்று ஒவ்வொரு தரப்பின் ஒப்புதலும் அதில் சேரும். மாதக்கணக்கில் ஆகும் வேலை அது. முதல் மானியத்துக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

வருமான வரிச் சட்டத்தின் 44(6) அங்கீகாரம் இருந்தால்தான் அரசு மானியம் கிடைக்கும் என்று ஒருவர் எங்களைப் பயமுறுத்தினார். அது உங்களுக்கு நன்கொடை தருகிறவருக்கு வரிக் கழிவு கிடைப்பதற்கான ஏற்பாடு. பின்னாளில் நல்லதுதான். இப்போது அதற்காக ஓட வேண்டாம்.

3. கெர்தாஸ் கெர்ஜாவில் பெரிய வாய் வேண்டாம்

கெர்தாஸ் கெர்ஜா, அதாவது திட்டத்தாளை, மலாயில்தான் எழுத வேண்டியிருக்கும். பழைய மாணவர் யாராவது அரசு வேலையில் இருந்தால் மொழியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எண்களை மட்டும் நீங்களே எழுதுங்கள்.

நாங்கள் 60 மாணவர் என்று எழுதினோம். உண்மையில் அப்போது வந்துகொண்டிருந்தவர்கள் 38 பேர். "60னு போட்டாத்தான் எடுபடும்" என்றார் செயலவையில் ஒருவர். எடுபட்டது. பிறகு அதே 60 ஒப்பந்தத்தின் இணைப்பில் இலக்காக வந்து உட்கார்ந்துகொண்டது. மழைக்காலத்தில் தோட்டத்துக்குள்ளிருந்து பிள்ளைகளை அழைத்து வர முடியாத வாரங்களில் 25 பேர் கூட வரவில்லை. ஒவ்வொரு அறிக்கையிலும் விளக்கக் கடிதம் எழுதியே என் கை ஓய்ந்தது. இருப்பதைவிட ஐந்தாறு கூட்டிச் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

செலவுப் பட்டியலில் எல்லோரும் விடும் ஓட்டை சம்பளம். முழுநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவருக்கு மாதம் 1,700 ரிங்கிட் என்று போடுகிறீர்கள். 2025 முதல் குறைந்தபட்ச ஊதியமே அதுதான், அதற்குக் கீழே போட முடியாது. ஆனால் முதலாளி என்ற முறையில் சங்கம் ஊழியர் சேமநிதிக்கு, அதாவது கேடபிள்யூஎஸ்பிக்கு, 13 விழுக்காடு, அதாவது மாதம் 221 ரிங்கிட் கட்ட வேண்டும். சமூகப் பாதுகாப்புக்கான பெர்கேசோ சந்தாவும் வேலைக் காப்புறுதியும் சேர்த்து இன்னும் முப்பது சொச்சம். பத்து மாதத் திட்டத்துக்கு ஏறக்குறைய 2,500 ரிங்கிட். பட்டியலில் இல்லாவிட்டால் இது உங்கள் கையிலிருந்துதான் போகும். சிறு சங்கத்துக்கு 2,500 என்பது ஒரு தீபாவளி விருந்துக்கான காசு!

பொருள் வாங்குவதற்கு மூன்று கடைகளின் விலைப்பட்டியல் கேட்பார்கள். மூன்றும் ஒரே கையெழுத்தில், ஒரே தேதியில் இருந்தால் அதிகாரி ஒரு பார்வை பார்ப்பார். ஈப்போவரை போய் வெவ்வேறு கடையில் வாங்குங்கள். விலைப்பட்டியலில் எத்தனை நாளுக்கு இந்த விலை செல்லும் என்று எழுதியிருக்கும். முப்பது நாள் என்றால், பணம் வரும்போது அது காலாவதியாகியிருக்கும். கடைக்காரரிடம் பேசி தொண்ணூறு நாள் என்று போடச் சொல்லுங்கள். முடியாது என்றால் விலையில் சிறிது இடைவெளி விட்டுப் பட்டியல் போடுங்கள்.

அப்புறம் இடம். நம் ஊர்களில் வகுப்பு கோயில் மண்டபத்திலோ பழைய தோட்டக் கட்டடத்திலோ நடக்கும். கோயில் நிர்வாகம் "தாராளமா வச்சுக்கங்க" என்று சொல்லிவிடும். ஆனால் கோயில் நிற்கும் நிலம் பெரும்பாலும் தோட்ட நிறுவனத்தினுடையது. எழுத்தில் அனுமதி கேட்டால் தோட்ட மேலாளர் கோலாலம்பூர் தலைமையகத்துக்கு அனுப்புவார். அந்தக் கடிதம் வர எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது இந்தக் கடிதம்தான். கிடைக்கவில்லை என்றால் பள்ளியையோ ஊர் சமூக மண்டபத்தையோ பாருங்கள்.

4. கடிதம் வந்த நாளைக் குறித்து வையுங்கள்

மானியம் தர முன்வரும் கடிதம், அதாவது சூராட் தாவாரான், வந்துவிட்டால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. "சம்மதம்" என்று நீங்கள் பதில் அனுப்ப அதில் ஒரு கெடு இருக்கும். எங்களுக்கு 14 நாள். அது கடிதத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது, உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. சங்கத்தின் முகவரி தோட்டத்துக்குள் இருந்தால் கடிதம் முதலில் தோட்ட அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து கிராணி, அதாவது தோட்ட எழுத்தர், யார் கையிலாவது கொடுத்தனுப்புவார். எங்களுக்கு வந்து சேர்ந்தபோது ஒன்பது நாள் போயிருந்தது. டவுனில் வசிக்கும் செயலவையினர் ஒருவரின் வீட்டு முகவரியைத் தொடர்பு முகவரியாகக் கொடுங்கள்.

பதிலோடு செயலவைத் தீர்மானம் ஒன்றும் கேட்பார்கள்: மானியத்தை ஏற்கிறோம், இன்னின்னார் சங்கத்தின் சார்பில் கையெழுத்திடுவார்கள் என்று. அந்தக் கூட்டத்தை உண்மையிலேயே கூட்டுங்கள். உங்கள் சட்டவிதியில் கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, எத்தனை பேர் வர வேண்டும் என்று இருக்கும். அதன்படி குறிப்பு எழுதி, வந்தவர்கள் கையெழுத்தையும் வாங்குங்கள். வாட்சாப்பில் எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள் என்பது தீர்மானமாகாது.

5. ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசியுங்கள்

எங்களுக்கு வந்தது 23 பக்கம். முன்பக்கங்களில் இருப்பது பெரும்பாலும் எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான வாசகம். உங்களைக் கட்டிப்போடுவது பின்னால் உள்ள இணைப்புகள், அதாவது லம்பீரான். நடவடிக்கை, தேதி, ஆள் எண்ணிக்கை, செலவுப் பட்டியல், தவணை எல்லாம் அங்கேதான். உங்கள் திட்டத்தாளை ஒரு கையிலும் இணைப்பை ஒரு கையிலும் வைத்து வரிக்கு வரி பாருங்கள். நாங்கள் மார்ச்சில் தொடங்கலாம் என்று எழுதியிருந்தோம். ஒப்பந்தம் வந்ததே ஜூனில். இணைப்பில் மார்ச் அப்படியே இருந்தது. மாற்றித் தரும்படி ஒரு கடிதம் போட்டிருந்தால் போதும். நாங்கள் போடவில்லை, கேட்டால் மானியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். பின்னால் மானியப் பிரிவின் அதிகாரி, ஓர் அம்மையார், என்னிடம் சொன்னார்: "கையெழுத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஒரு நாள் வேலை, ஐயா. இப்போது துணை ஒப்பந்தம் போட வேண்டும்."

பிறகு முன்பக்கங்களுக்கு வாருங்கள். பென்சிலால் கோடு போட்டு வாசிக்க வேண்டிய இடங்கள் சில உண்டு.

பணம் எப்போது, எதைக் காட்டினால் தரப்படும் என்ற பகுதி முதலாவது. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

செலவுத் தலைப்பை மாற்றும் விதி அடுத்தது. எங்கள் பட்டியலில் "வாகன வாடகை" என்று ஒரு வரி. வேன்காரர் நின்றுவிட்டதால் ஒரு தொண்டர் தன் காரிலேயே பிள்ளைகளை ஏற்றி வந்தார், பெட்ரோல் ரசீது கொடுத்தார். நியாயமான செலவு, வாடகையை விட மலிவும் கூட. ஆனால் வாடகை என்றால் வாடகைதான். முன்கூட்டி எழுத்தில் அனுமதி வாங்காததால் 640 ரிங்கிட் ஏற்கப்படவில்லை. அதைத் தலைவர் தன் சட்டைப்பையிலிருந்து கொடுத்தார். பிள்ளைகளை ஏற்றி வந்த காருக்கு அந்த வகைக் காப்புறுதி உண்டா என்பதையும் நாங்கள் யோசிக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

மானியத்தில் வாங்கிய பொருள் யாருடையது என்ற விதியையும் பாருங்கள். மடிக்கணினி, பிரிண்டர் போன்றவற்றை விற்கவோ கொடுக்கவோ கூடாது, திட்டம் பாதியில் நின்றால் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கலாம். வாங்கிய அன்றே எண் ஒட்டி, படம் எடுத்து, ஒரு நோட்டில் பதிந்துவிடுங்கள்.

கடைசியாக, இழப்பை யார் ஏற்பது என்ற பகுதி. சங்கச் சட்டத்தில் பதிந்த சங்கம் கம்பெனியைப் போலத் தனி ஆள் அல்ல. வழக்கு என்று வந்தால் சங்கத்தின் பொது அதிகாரியாகப் பதிவகத்தில் அறிவிக்கப்பட்டவரின் பெயரில்தான் நடக்கும். எனவே "பெறுநர் எல்லா இழப்பையும் ஏற்பார்" என்ற வரியைப் பார்த்தால், ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். ஊரில் யாராவது பழைய மாணவர் வக்கீலாக இருப்பார், பசியாற அழைத்துப் பேசலாம். கூடவே மாணவருக்கும் தொண்டருக்கும் குழு விபத்துக் காப்புறுதி எடுத்து, அந்தச் செலவைப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள்.

6. கையெழுத்தும் முத்திரை வரியும்

எல்லாப் பக்கத்திலும் சிறு கையெழுத்து, கடைசியில் முழுக் கையெழுத்து, சாட்சியின் பெயரும் அடையாள அட்டை எண்ணும், சங்க முத்திரை. தேதி இடத்தைக் காலியாக விடச் சொல்வார்கள். அரசுத் தரப்பு கையெழுத்திடும் நாளை அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

இங்கேதான் எங்களுக்கு அடுத்த அடி. மலேசியாவில் கையெழுத்தான ஆவணத்துக்கு 30 நாளுக்குள் முத்திரை வரி கட்ட வேண்டும். எங்கள் ஒப்பந்தப் பிரதி திரும்பி வந்தபோது, அதில் எழுதியிருந்த தேதிக்குப் பிறகு 21 நாள் ஓடியிருந்தது. வரி என்னவோ சிறியதுதான். சாதாரண ஒப்பந்தத்துக்கு 10 ரிங்கிட், ஒவ்வொரு கூடுதல் பிரதிக்கும் 10. அதை விட்டுவிட்டால் 2025 முதல், மூன்று மாதத்துக்குள் கட்டினால் 50 ரிங்கிட் அல்லது கட்டாமல் விட்ட வரியில் 10 விழுக்காடு, எது அதிகமோ அது அபராதம். மூன்று மாதம் தாண்டினால் 100 ரிங்கிட் அல்லது 20 விழுக்காடு, இங்கேயும் எது அதிகமோ அது. உங்கள் ஒப்பந்தம் சேவை ஒப்பந்தமாக எழுதப்பட்டிருந்தால் வரி தொகையைப் பொறுத்து மாறும். அதை உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை இப்போது இணையத்திலேயே முடிகிறது. எங்களிடம் சங்கத்தின் வரி எண்ணைக் கேட்டது, அது எங்களிடம் இல்லை. ஒன்பது நாளில் அதையும் வாங்கிக் கட்டினோம். நீங்கள் அதை முன்பே வாங்கி வையுங்கள்.

கையெழுத்தாகாத வரை ஒரு பென்சில் கூட வாங்காதீர்கள். ஒப்பந்தத் தேதிக்கு முந்திய ரசீதை எங்களிடம் ஏற்கவில்லை.

7. பணம் வருவதற்கு முன் பணம் வேண்டும்

எங்கள் மானியம் 48,000 ரிங்கிட், மூன்று தவணை: 40, 40, 20 விழுக்காடு. முதல் 19,200 கையெழுத்துக்குப் பிறகு வந்தது. இரண்டாவது 19,200 முதல் பணத்தின் கணக்கைக் காட்டி, அவர்கள் சரிபார்த்த பிறகு. கடைசி 9,600, திட்டம் முழுக்க முடிந்து இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான். அதாவது அந்த 9,600ஐ முதலில் சங்கம் செலவழித்திருக்க வேண்டும், பிறகுதான் அது திரும்ப வரும். இரண்டாம் தவணைக்குக் காத்திருந்த ஆறு வாரமும் ஆசிரியைகளுக்குச் சம்பளம் தர வேண்டியிருந்தது.

என் கணக்கு இது: மானியத் தொகையில் கால் பங்காவது சங்கத்தின் கையிருப்பில் இல்லை என்றால், சிறிய தொகைக்கு விண்ணப்பியுங்கள். செயலவையினர் கடன் கொடுத்தால் அதையும் தீர்மானத்தில் எழுதி வங்கி வழியாகவே வாங்குங்கள், வங்கி வழியாகவே திருப்பிக் கொடுங்கள். மானியத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு இருந்தால் பாதித் தலைவலி குறையும். மாரியம்மன் திருவிழா வசூலும் மானியப் பணமும் ஒரே கணக்கில் கிடந்தால், கணக்காய்வாளருக்கு விளக்கம் சொல்லியே நாள் போய்விடும்.

8. ரசீது, வருகைப் பதிவு, டிசம்பர்

கடைகளில் தரும் சூட்டுத்தாள் ரசீது தோட்டப்புற வெக்கையில் மூன்று மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்து இரண்டையும் சேர்த்துக் குத்துங்கள். ரசீதில் சங்கத்தின் பெயர் இருக்கட்டும், "கேஷ்" என்று மட்டும் போட்டதை வாங்காதீர்கள். பகுதிநேர ஆசிரியைக்குக் கொடுத்த பணத்துக்கு வவுச்சர், கையெழுத்து, அடையாள அட்டை நகல், அன்றைய வருகைப் பதிவு நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். படம் எடுக்கும்போது பின்னணியில் பதாகையும் தேதியும் தெரிகிற மாதிரி எடுங்கள்.

ரசீது தொலைந்துவிட்டால் தொலைந்தது என்று எழுதிக் கொடுங்கள், அந்தத் தொகையை இழக்க நேர்ந்தாலும் சரி. தெரிந்த கடையில் பழைய தேதி போட்டு வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பொய்யான ஆவணத்தைக் காட்டிப் பணம் கோருவது 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் கொண்டுபோய் விடக்கூடிய விஷயம். அதற்கான தண்டனை 20 ஆண்டு வரை சிறை. நூறு ரிங்கிட் பேப்பர் செலவுக்கு இது தேவையா?

அரசின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. கடைசி மாதத்தில் கோரிக்கைகளை எப்போது மூடுகிறார்கள் என்று அக்டோபரிலேயே கேட்டுவிடுங்கள். தீபாவளி, பள்ளி விடுமுறை, பொருளாளர் வீட்டுக் கல்யாணம் எல்லாம் ஆண்டுக் கடைசியில்தான் வரும். செலவாகாமல் மிஞ்சிய பணத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ள முடியாது, திருப்பிக் கட்ட வேண்டும். எங்களுக்கு 1,130 ரிங்கிட் மிஞ்சியது. கட்டிவிட்டு ரசீதை இறுதி அறிக்கையோடு இணைத்தோம்.

எல்லா ஆவணத்தையும் குறைந்தது ஏழு ஆண்டு வையுங்கள். யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்பதைப் பொதுக்கூட்டக் குறிப்பில் எழுதி, செயலவை மாறும்போது கோப்பைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். எங்கள் கோப்பு இப்போது என் வீட்டில், அரிசி டின்னுக்கு மேல் தட்டில் இருக்கிறது. கரையான் வராத இடம் அதுதான்.